உக்கிரபாண்டியின் மீசையும் சாத்தூர் ரயிலும்

உக்கிரபாண்டியின் மீசை ரத்தினசாமியின் விரலிடுக்கில் ஒடிந்து வந்துவிட்டது.

இடப்பக்க மீசை மட்டும். வலப்பக்கம் முறுக்குக் குலையாமல் அப்படியே நின்றது. சுண்டுவிரல் உயரமே இருந்த அந்த மனிதரை ரத்தினசாமி விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். பாதி மீசையோடு உக்கிரபாண்டி அவரை முறைத்தார்.

“போதும்டா சாமி!”

பிரஷ் டம்ளர் தண்ணீருக்குள் போய் விழுந்தது. கம்பியை வளைத்து, எம்சீல் ஒட்டுப்பசையைப் பிசைந்து அப்பி, காய்ந்ததும் தேய்த்து, எதிர்வீட்டு உக்கிரபாண்டியின் தொப்பை முதல் தோள் துண்டு வரை அச்சாகக் கொண்டுவந்து, கடைசியில் மீசையில் வந்து மாட்டிக்கொண்டாயிற்று. லாரி ஷெட் வைத்திருக்கும் உக்கிரபாண்டியிடமிருந்து மீசையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் தொப்பைதான்.

“சொர்ணம், ஸ்கூட்டர் சாவிய எங்கன வச்ச? கம்பெனி வரைக்கும் ஒரு எட்டுப் போய்ட்டு வாரேன்.”

அடுப்படியிலிருந்து சொர்ணலட்சுமியின் குரல் மட்டும் வந்தது. “போய்ட்டு வாங்களேன். காபி கலக்குறேன், குடிச்சுட்டுக் கெளம்புங்க.”

தடுப்பாள் என்று எதிர்பார்த்த ரத்தினசாமிக்கு என்னவோ போலிருந்தது. போகக் கூடாது என்பது அவருக்கும் தெரியும்.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தை ஆயுள் முழுக்க நடத்தியவர் அவர். மகன் சபரிநாதன் கையில் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். ஓய்வு என்றால், தினமும் காலையில் போய் மிஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வது என்று அவர் அர்த்தம் வைத்திருந்தார். போன தீபாவளி சீசனில், கிளிப்படம் போட்ட சங்குசக்கர லேபிள் ஓடிக்கொண்டிருந்தபோது, “மஞ்சள் தூக்கலா இருக்கு, கொறச்சு விடுலே” என்று மிஷின்காரரிடம் சொன்னார். பெரிய முதலாளி சொல்லை யார் தட்டுவது? லோடு முழுக்கக் கிளி நீலமாகப் போய் இறங்கியது.

“எங்க கிளி எப்பங்க மீன்கொத்தியாச்சு?” என்று ஆர்டர் கொடுத்த பார்ட்டி போனில் கேட்டாராம்.

சபரிநாதன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. “நீங்க உழைச்சது போதும்ப்பா. இனிமே வீட்டுல நிம்மதியா இருங்க” என்றான். யாரையோ மாலை போட்டு வழியனுப்புகிற குரல். அன்றைக்கு ரத்தினசாமி சாப்பாட்டுத் தட்டைப் பாதியிலேயே நகர்த்திவிட்டார்.

மருமகள் பிரீத்தி அவர் பிறந்தநாளைக்கு வாங்கிக் கொடுத்த வண்ணக் குப்பிகளும் பிரஷ்களும்தான் பிறகு துணை. முதலில் ஒரு போலீஸ்காரர் செய்தார். அப்புறம் ஒரு பூக்காரி. இப்போது இந்த உக்கிரபாண்டி.

காபி வர வழக்கத்தைவிட நேரமாயிற்று. டம்ளரைக் கீழே வைத்து அவர் எழுந்தபோது, வாசல் கேட் தடாலென்று திறந்தது.

“அண்ணாச்சி, என்னைய பொம்மை செஞ்சிருக்கீகளாமே!”

அசல் உக்கிரபாண்டி. இரண்டு பக்க மீசையோடும்.

“ஆமா, அது சும்மா வெளையாட்டுக்கு...”

“வெளையாட்டா? பாதி மீசையோட செஞ்சு வச்சிருக்கீகளாம்ல! ஊருக்குள்ள நான் தலை காட்டவா வேண்டாமா?”

“அது ஒடிஞ்சு போச்சுப்பா...”

“வரலைன்னா வரலைன்னு சொல்லுங்க அண்ணாச்சி. கை நடுங்குற வயசுல இதெல்லாம் நமக்கு எதுக்கு?”

ரத்தினசாமிக்குச் சுரீர் என்றது. தலைமுடி கனத்துக்குக் கோடு தள்ளிப்போனாலும் கண்ணால் பிடித்துவிடுகிற ஆளைப் பார்த்து, கை நடுங்குகிறதாமே!

“நாளைக்கு வாரும்” என்றார். “வந்து மீசையப் பாத்துட்டுப் பேசும்.”

ஸ்கூட்டர் சாவி ஆணிக்குத் திரும்பிப் போயிற்று. தேங்காய் நாரைப் பிரித்து, அதிலும் மெல்லிய இழையாகப் பார்த்தெடுத்து, கறுப்பு ஏற்றி, பசை தொட்டு ஒட்டினார். மறுநாள் உக்கிரபாண்டி லென்ஸை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கை தானாகத் தன் மீசைக்குப் போனது.

“மீசை சரிதான். ஆனா அண்ணாச்சி, என்னைய இப்படிக் கண்ணாடி அலமாரில டம்ளர் டபராவோட நிக்க வச்சா நல்லாவா இருக்கு? மனுசன்னா ஒரு எடத்துல நிக்கணும். பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன்... அப்படி ஏதாவது?”

“எங்க ஊரு ஸ்டேஷனாட்டம் செய்ங்களேன்” என்றாள் சொர்ணலட்சுமி, முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே. அவளுக்குப் பிறந்த ஊர் சாத்தூர்.

ரயில்நிலையம் என்றால் ரயில் வேண்டும். ஆர்டர் போட்டதில், சென்னையிலிருந்து பார்சல் வந்தது. நீல டீசல் எஞ்ஜின், பெட்டிகள், வளைந்தும் நேராகவும் தண்டவாளத் துண்டுகள். மாடி அறையில் பிளைவுட் பலகை ஏறியது. கரண்டு கொடுத்ததும் எஞ்ஜின் உறுமி நகர்ந்தது. ரத்தினசாமிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உக்கிரபாண்டியை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினார்.

ரயில் உக்கிரபாண்டியின் இடுப்புக்கு மேல் கொஞ்சம்தான் வந்தது. தலை பெட்டிக் கூரைக்கு மேலே நின்றது. ரயிலை ஒரு கையால் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவார் போலிருந்தது.

“ஆள் வேண்டாம். வெறும் ரயில் போதும்” என்று முடிவெடுத்தார். வண்ணக் குப்பிகள் பரணுக்குப் போயின.

ரயில் மட்டும் சும்மா இருந்ததா? வடக்கு ஓரத்து வளைவில் வந்ததும் எஞ்ஜின் ஒரு குலுங்கு குலுங்கிப் படுத்துக்கொண்டது. தூக்கி வைத்தார். மறுபடி படுத்தது. ஆணியை இறுக்கினார், எஞ்ஜினோடு இரண்டு பெட்டியும் சேர்ந்து படுத்தன. வேகத்தைக் குறைத்தார், வளைவுக்கு முன்னாலேயே நின்றுகொண்டது. கூட்டினார், பலகையிலிருந்து குதித்துக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது.

“நமக்கு மசி வாசனைதான் சரி” என்று கீழே இறங்கி வந்து வெள்ளைச் சட்டையைப் போட்டார். “சொர்ணம், நான் கம்பெனிக்குப் போறேன். கிளி நீலமானா என்ன, செவப்பானா என்ன? நான் வச்ச கம்பெனிதான அது?”

“அதான, யாரு கேக்கப் போறா? இட்டிலி இந்தா வெந்துரும், ரெண்டு வச்சுக்கிட்டுப் போங்க.”

இட்லி வெந்து வருவதற்குள் பாலம்மாள் வந்துவிட்டாள். தெரு முக்கில் பலசரக்குக் கடை வைத்திருப்பவள். கடையைவிட்டு நகராத மனுஷி, சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றாள்.

“அண்ணாச்சி, நீங்க ஓட்டுறது சாத்தூரு ஸ்டேஷனாமே. ஒரு ஈ காக்கா இல்லையாமே அதுல!”

“ஆளு பெருசா இருக்கும்மா, ரயிலு சிறுசா இருக்கு...”

“அப்ப சிறுசா ஆளு செய்ங்க! வெள்ளரிக்காய்க்காரி இல்லாம சாத்தூர்ல என்னைக்காவது ரயிலு நின்னு போயிருக்கா? எங்க ஊரையே அசிங்கப்படுத்துறீகளே!”

“உனக்கும் சாத்தூரா?”

“எங்க அத்தை அங்கனதான் வாக்கப்பட்டாக” என்றாள் பாலம்மாள், கொஞ்சம் யோசித்து.

ரத்தினசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. பரணிலிருந்து வண்ணக் குப்பிகள் இறங்கின. இந்த முறை மனிதர்கள் விரல்நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்கள். உக்கிரபாண்டியும் புதிதாகச் செய்யப்பட்டார். அவர் மீசைக்குத் தேங்காய் நாரும் தடியாகிவிட்டதால், பழைய பிரஷ்ஷின் ஒற்றை மயிர் அந்த இடத்துக்கு வந்தது. கூடை தூக்கிய வெள்ளரிக்காய்க்காரி ஒருத்தி மஞ்சள் சேலையில் தயாரானாள். மூக்கு மட்டும் எப்படியோ பாலம்மாளின் மூக்காக அமைந்துவிட்டது.

“இது நாந்தான!” என்று லென்ஸோடு அலறினாள் பாலம்மாள். “கல்லாவுல உக்காந்து யாவாரம் பாக்குறவ நான். என்னைய வெயில்ல கூடை தூக்க விட்டுட்டீகளே!”

கூடையை எடுத்துவிட்டு, பிளாட்பாரத்தில் அவளுக்கு ஒரு கடை கட்டினார். கடை என்றால் காராச்சேவு வேண்டும், தொங்கும் வாழைத்தார் வேண்டும். ஊசி முனையால் காராச்சேவு பிழிந்தார். கடை எழும்பியதும் பிளாட்பாரத்தில் இடம் குறைந்தது. பெஞ்சைத் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. பெஞ்சில் ஏற்கெனவே ஒரு பெண் ஊதாச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். தள்ளிப் போட்ட இடம், உக்கிரபாண்டிக்குப் பக்கம். இட நெருக்கடியில் அலுத்துப்போய், கம்பெனிக்கே போய்விடுகிறேன் என்று சொர்ணலட்சுமியிடம் மறுபடி சாவி கேட்டார்.

அடுத்த வீட்டு வீரலட்சுமியிடம் ஒரு ஊதாச் சேலை இருந்தது என்பது ரத்தினசாமிக்கு எப்படித் தெரியும்?

“என்ன அண்ணாச்சி இது அநியாயம்!” வீரலட்சுமி மாடிப்படியிலேயே ஆரம்பித்துவிட்டாள். “என் வீட்டுக்காரரு மின்வாரியத்துல கம்பம் ஏறிக்கிட்டுக் கெடக்காரு, நான் இங்கன மீசைக்காரரோட பெஞ்சுல உக்காந்திருக்கேன்! பாக்குறவுக என்ன சொல்லுவாக?”

“அது நீ இல்லம்மா. பொதுவா ஒரு பொம்பள.”

“பொதுவான பொம்பளைக்கு எதுக்கு என் சேலை?”

சேலைக்கு வேறு நிறம் அடித்திருக்கலாம். ஆனால் அந்த ஊதா அவ்வளவு அழகாக விழுந்திருந்தது; மனசு வரவில்லை. பெஞ்சிலிருந்து எழுப்பி, ரயிலில் ஜன்னலோர இருக்கையில் உட்கார வைத்தார். அவள் கணவருக்கும் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஏற்றிவிட்டார்.

வீரலட்சுமி மறுநாளும் வந்தாள். ரயில் சுற்றுவதைப் பார்த்தாள்.

“இது அதவிட மோசம். பெஞ்சுல ஒரு தடவ உக்காந்தேன், அம்புட்டுத்தான். இப்ப ஒவ்வொரு சுத்துக்கும் அவரு முன்னாடி வந்து வந்து போறேன்! எங்க வீட்டுக்காரரு வேற மேல இருந்து பாத்துக்கிட்டே இருக்காரு!”

ரத்தினசாமி அவளை எதிர்ப்பக்க ஜன்னலுக்கு மாற்றினார். எடை ஒரு பக்கம் சாய்ந்ததோ என்னவோ, வடக்கு வளைவில் ரயில் மறுபடி படுத்தது. வீரலட்சுமி ஜன்னல் வழியாக வெளியே விழுந்து, சரியாக உக்கிரபாண்டியின் காலடியில் போய்க் கிடந்தாள்.

ரத்தினசாமி அவசரமாகக் கரண்டை நிறுத்தினார்.

“நான் வாரேன்” என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு அசல் வீரலட்சுமி இறங்கிப் போனாள். கீழே அடுப்படியில் ஏதோ பாத்திரம் உருண்டது. சொர்ணலட்சுமிக்கு இருமல் வேறு வந்துவிட்டது.

அன்று ரத்தினசாமி கம்பெனியை நினைக்கவில்லை. வளைவின் முன்னால் மண்டியிட்டு, கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் மயிரிழைப் பள்ளம். பார்த்ததும் சிரிப்பு வந்தது. அச்சு ஒரு பக்கம் மங்கினால் உருளைக்கு அடியில் தாள் வைத்துத் தூக்குவதை எத்தனை வருஷம் செய்திருக்கிறார்! பழைய லேபிள் தாளைக் கிழித்து, தண்டவாளத்துக்கு அடியில் ஒன்று கொடுத்தார். போதவில்லை. பாதியளவுக்கு இன்னொன்று.

ரயில் வந்தது. வளைவில் சாய்ந்தது. நிமிர்ந்தது. போயேவிட்டது!

“சொர்ணம்! ஏ சொர்ணம்!”

அவள் கரண்டியும் கையுமாக மாடிக்கு ஓடி வந்தாள். ரயில் சுற்றிச் சுற்றி வந்தது. சாத்தூரில் நின்றது, புறப்பட்டது. ரத்தினசாமி வாயாலேயே ஹாரன் அடித்தார்.

“நல்லா இருக்குங்க” என்றாள் அவள். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தும் நகராமல் நின்றாள்.

அதற்குப் பிறகு வந்த சண்டைகளெல்லாம் அவருக்குத் தூசு. உக்கிரபாண்டி தன் லாரியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினார். லாரியால் பாலம்மாள் கடை மறைந்தது. கடைக்கு மேலே பெயர்ப் பலகை வைத்தார். பலகை கம்பத்தை மறைப்பதாக வீரலட்சுமி வந்தாள், கம்பத்தை உயர்த்தினார். ஒரு வாரம் ரயில், ஒரு வாரம் பிரஷ் என்று மாறி மாறி நாட்கள் ஓடின. ஸ்கூட்டரில் ஒட்டடை படிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் ஒரு மத்தியானம், சபரிநாதன் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவரைச் சாப்பிடக் கூட்டி வந்தான். வெம்பக்கோட்டைப் பக்கம் ஆலை வைத்திருப்பவர். தரையில் ஓடுகிற ரயில் வாணம் ஒன்றைப் புதிதாகக் கொண்டுவரப் போகிறார். பெட்டிக்குப் படம் வேண்டும். சபரிநாதன் கம்ப்யூட்டரை வரையச் சொல்லிக் காட்டிய படம் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

“ரயிலு நல்லாத்தான் இருக்கு தம்பி” என்றார் சோற்றைப் பிசைந்துகொண்டே. “ஆனா உள்ள இருக்கவுகளுக்கு ஆறு ஆறு விரலா இருக்கு. பட்டாசு விக்கிறவன் அப்படிப் படம் போட்டா, ஜனங்க வேற மாதிரி நெனைக்கும்.”

சபரிநாதனின் முகம் வாடியது. ஆர்டர் நழுவுகிறது என்பது ரத்தினசாமிக்குப் புரிந்தது. அந்த முகத்தை அவருக்குத் தெரியும். அவரே பல சீசனில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கம்பெனி விஷயத்தில் அவர் பேசுவதில்லை.

அப்போது மேலே ரயில் தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. சொர்ணலட்சுமி அறையைக் கூட்டப் போனவள், சுவிட்சில் கை பட்டுவிட்டதாகப் பிறகு சொன்னாள்.

“அது என்ன சத்தம்?” என்றார் முதலாளி.

கையைக் கழுவிக்கொண்டு மாடிக்கு வந்தவர், முதலில் வாசலில் நின்று பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டிபோட்டுவிட்டார். ரத்தினசாமி லென்ஸை நீட்டினார்.

“அட! காராச்சேவு! கம்பத்துல ஆளு! யாருங்க இந்த மீசைக்காரரு? அடேயப்பா, என்னா மீசை!”

“நம்ம எதுத்த வீட்டுக்காரரு.”

“இவரு என் பெட்டி மேல வரணும்” என்றார் முதலாளி, எழுந்திருக்காமலே. “இந்த ஸ்டேஷன், இந்த ரயிலு, ஜன்னல்ல இருக்க அந்த ஊதாச் சேலையம்மா, எல்லாம் இப்படியே வரணும். போட்டோ எடுத்து அடிங்க. இந்தப் புதுச் சரக்கு மட்டுமில்ல தம்பி, வாற சீசனுக்கு எனக்கு எல்லா லேபிளும் உங்க கம்பெனிதான்.”

அவரை வழியனுப்பிவிட்டு சபரிநாதன் திரும்ப மாடிக்கு வந்தான். லென்ஸை வாங்கி, முதல்முறையாகக் குனிந்து பார்த்தான். விரல்நகம் அளவு மனிதர்களின் சட்டைப் பொத்தானைப் பார்த்தான். ஊதாச் சேலையில் ஓடிய மெல்லிய கரையைப் பார்த்தான். நிமிர்ந்து லென்ஸைத் திருப்பிக் கொடுத்தான்.

“அப்பா, இந்தக் கலர மிஷின்ல கொண்டுவர எங்களால முடியாதுப்பா. நீங்க கம்பெனிக்கு வந்து பக்கத்துல உக்காந்தாத்தான் ஆகும்.”

இந்த வார்த்தைக்காக ரத்தினசாமி எத்தனை நாள் ஏங்கினார்! கனவில்கூட வந்திருக்கிறது. கனவில் அவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

“எனக்கு ஏதுலே நேரம்?” என்றார். “பாலம் கட்டணும், சிக்னலுக்கு வயர் இழுக்கணும், இன்னும் டிக்கெட் கவுன்டர்ல ஆளே உக்காரல. நீ ஒண்ணு செய்யி. புரூஃப் எடுத்து இங்கன அனுப்பு. பாத்துச் சொல்றேன்.”

“சரிப்பா.”

“மஞ்சளுக்கு நான் சொல்ற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது.”

சபரிநாதன் சிரித்துவிட்டான். ரத்தினசாமியும் சிரித்தார். அறை வாசலில் நின்ற சொர்ணலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் கூடுதல் என்றாள்.

பெட்டி வெளியானதும் தெருவே வந்து பார்த்தது. உக்கிரபாண்டி தன் படம் போட்ட காலிப் பெட்டியை லாரிக் கண்ணாடிக்கு முன்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பாலம்மாள் கடையில் அந்தப் பெட்டியை வெட்டிச் சுவரில் ஒட்டினாள். சண்டை போட்ட வாயெல்லாம் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று மணத்தது.

அடுத்த நாள் காலையில் ரத்தினசாமி பலகைக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, சிக்னல் வயரைக் கோத்துக்கொண்டிருந்தார். மனசு நிறைந்திருந்தது. எத்தனை முறை எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுக் கிளம்பியிருப்பார்! ஒவ்வொரு முறையும் எவராவது வந்து வம்புக்கு இழுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் ஜெயித்தார். ஒரு தெருவையே தனி ஆளாக நின்று சமாளித்தவர் சிவகாசியில் வேறு யார் உண்டு?

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. பலகைக்கு அடியிலிருந்து பார்த்தால், அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த சொர்ணலட்சுமியின் பாதங்களும், வாசலில் வந்து நின்ற வீரலட்சுமியின் பாதங்களும் மட்டும் தெரிந்தன. சொர்ணலட்சுமியின் பாதங்கள் அவசர அவசரமாக முன்னால் ஓடின. அதற்குள் வீரலட்சுமி பேசத் தொடங்கிவிட்டாள்.

“அக்கா, எங்க வீட்டுக்காரரும் வாற மாசம் ரிட்டயர் ஆகுறாரு, அண்ணாச்சி கம்பெனிக்குக் கெளம்புறப்பல்லாம் நீங்க போன் போட்டதும் நாங்க முறை வச்சுச் சண்டைக்கு வந்தோம்ல, அதே மாதிரி நீங்கள்லாம் எங்க வீட்டுக்கும் ஓடி வந்துரணும், ஆமா!”